ஒத்திகை நாற்காலி

'நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டாள்.'

காலையிலிருந்து இந்த ஒரு நினைப்பு அவளை விடவில்லை. பார்லரின் ஷட்டரைத் தூக்கும்போதும், துண்டுகளை உதறி மடிக்கும்போதும், சீப்புகளை மருந்துத் தண்ணீரில் போடும்போதும் காதோரம் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. அடித்து விரட்டவும் முடியவில்லை, யாரிடமாவது சொல்லி இறக்கிவைக்கவும் வழியில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. கப்பல் கம்பெனி முதலாளி ஒருவர் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். விசாரித்தவர் அவளுடைய கணவர், குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். முதலாளியின் இளம் மனைவியை எல்லோரும் கப்பல் வீட்டுக்காரி என்பார்கள். அந்தப் பெண்ணை நாள் முழுக்க உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, விபத்துதான் என்று முடிவு செய்து வழக்கை மூடினார் இன்ஸ்பெக்டர்.

வழக்குதான் மூடியது. அவர் அந்த வீட்டுக்குப் போவது நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை, அதே வீட்டின் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் அந்த வீட்டு டிரைவர் செத்துக் கிடந்தார். முதலாளி சாவைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று அதற்கு முந்தைய நாள்தான் போலீஸுக்குப் போன் செய்திருந்தார். இப்போது மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். இன்று மாலை இவர்கள் வீட்டுக்கே வருகிறார்.

வெள்ளிக்கிழமை மாலை உங்கள் கணவர் எங்கே இருந்தார்? அந்த அதிகாரி அவளிடம் கேட்கப்போவது இது ஒன்றுதான்.

நான் வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்லிவிடு என்று நேற்று இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் எங்கே இருந்தார் என்று அவர் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு அவருடைய கோட்டைத் தட்டி மாட்டும்போது காலரில் ஒரு முடி ஒட்டியிருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். செம்பு நிறம், ஓரத்தில் லேசாக மாதுளை ஓட்டின் சிவப்பு. அந்த நிறத்தைக் கலந்தவளே அவள்தான். வேறு எந்தத் தலையிலும் அது கிடையாது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கூச்சம். தன் கைவேலையே தன் வீட்டுக்குள் வந்து தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிய மாதிரி இருந்தது.

வாசல் மணி அடித்தது. நிமிர்ந்தாள்.

கப்பல் வீட்டுக்காரி நின்றிருந்தாள். சாம்பல் நிற உடை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு சின்னப் பை. துக்க வீட்டிலிருந்து வந்தவள் மாதிரியும் இருந்தது, படம் எடுக்கக் கூப்பிட்டால் உடனே போய் நிற்கத் தயாரானவள் மாதிரியும் இருந்தது.

"வழக்கம்போலத்தான் அக்கா. தலையை அலசிவிடுங்க, போதும்."

வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். பார்லரில் வேறு யாரும் இல்லை, உதவிக்கு இருக்கும் பெண்ணும் இன்று லீவு. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவளுடைய கை பழக்க தோஷத்தில் துண்டை எடுத்து அந்தக் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டது. தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தது. தன் கையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள்.

தலை அலசும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடினால் வாய் திறந்துகொள்ளும். மாமியார் கொடுமை, மகன் காதல், புருஷன் குடி என்று இந்தத் தொட்டிக்குள் எத்தனை வீட்டுக் கதைகள் நுரையோடு போயிருக்கின்றன. கப்பல் வீட்டுக்காரி விஷயத்தில் மட்டும் அது தலைகீழாக நடந்தது. அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வாயைத் திறந்தது இவள்.

முதலாளி இறந்த வாரம் அது. நாளைக்கு விசாரணை, பயமாக இருக்கிறது அக்கா, போலீஸ் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அழுதாள் அந்தப் பெண். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. இவள் துடைத்துவிட்டாள். பாவம் பார்த்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பெருமைதான் அது. எவ்வளவோ பெரிய இடத்துப் பெண், தன்னை 'அக்கா' என்று கூப்பிட்டு, தன் வீட்டுக்காரரைப் பற்றி ஆசையாகக் கேட்கிறாள். விடுவாளா?

"பயப்படாதீங்க. அவர் எப்படிக் கேப்பார்னு எனக்குத் தெரியாததா? எந்தக் கேஸா இருந்தாலும் முதல்ல என்னைத்தான் உக்காரவெச்சு விசாரிப்பார்."

அது அவர்கள் வீட்டுப் பழக்கம். கல்யாணமான புதிதில் தொடங்கியது. அப்போது அவர் சின்ன அதிகாரி. மேலதிகாரி முன்னால் குற்றவாளியை விசாரிக்க வேண்டும் என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலி குற்றவாளிக்கு. அதில் அவள். சைக்கிள் திருடியிருக்கிறாள், கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், மாமனாருக்கு விஷம் வைத்திருக்கிறாள். சைக்கிள் திருடியாக அவள் எதற்கும் மசியாமல் உட்கார்ந்திருந்த அன்று, நாத்தனார் வந்து, "ஒத்துக்கோங்க அண்ணி, சாப்பாடு ஆறுது" என்று கெஞ்சும்படி ஆயிற்று.

அந்த நாற்காலியில்தான் அவள் பாடம் படித்தாள். பேனாவை மூடிவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தால் விசாரணை முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது, அப்போதுதான் ஆரம்பம், வாயே திறக்கக்கூடாது. எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னால் மாட்டினாய். பொய் சொல்கிறவர்கள் தங்களைத் திருத்திக்கொள்ளவே மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. உண்மை பேசுகிறவர்கள்தான் நடுவில் நின்று, இல்லை, அப்படி இல்லை என்று மாற்றிச் சொல்வார்கள்.

அதை அப்படியே, ஒரு சொல் விடாமல், இந்தத் தலையைத் தேய்த்துக்கொண்டே ஒப்பித்திருந்தாள்.

இப்போது அதே தலை அதே தொட்டியில். தண்ணீர் படப்பட அவள் விரல்கள் எதையோ கவனித்தன. போன வியாழக்கிழமைதான் நிறம் போட்டுவிட்டாள். சில நாளைக்குத் தலையில் தண்ணீர் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நிறம் வெளுத்துக் கிடந்தது.

"நிறம் இறங்கியிருக்கே. நடுவுல தலைக்குக் குளிச்சீங்களா?"

"ஆமாக்கா, வெள்ளிக்கிழமை. ஒரே புழுக்கம்." கண் மூடியபடியே இருந்தது. ஒரு சின்ன இடைவெளி. "இல்லல்ல, வெள்ளி இல்ல. சனிக்கிழமை காலையில."

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

கப்பல் வீட்டுக்காரி கண்ணைத் திறந்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் புன்னகை மேலே வளைந்ததா கீழே வளைந்ததா என்று ஒரு கணம் விளங்கவில்லை.

"நல்லா சொல்றேனா அக்கா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை. ஒரு நல்ல சிநேகிதி யோசனை சொல்வதுபோலச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் வீட்டில்தான் இருந்தார் என்று இவள் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அவர் வேலை தப்பிக்கும். தானும் அன்று மாலை மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியதாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் அங்கே இருந்ததை யார் பார்த்தது?

"உங்க பேரும் வெளிய வராது."

"என் பேர் எதுக்கு வரணும்?"

"எனக்கு இப்படியெல்லாம் பதில் சொல்ல யார் கத்துக்கொடுத்தாங்கன்னு ஒருவேளை கேட்டாங்கன்னா, நான் என்னக்கா சொல்றது?"

துடைத்து, உலர்த்தி, வாரிவிட்டாள். கண்ணாடியில் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. அடுத்த தடவை கறுப்பாக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். போகிறபோக்கில் இவள் தோளை ஒரு முறை தட்டினாள். வேலைக்காரியைத் தட்டுவதுபோல இல்லை, கூட்டாளியைத் தட்டுவதுபோல. அதுதான் தாங்கவில்லை.

மதியம் பார்லரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விசில், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒல்லி உடம்பும் ஓயாத வாயும் சேர்ந்து வீட்டில் அவளுக்குக் குருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அம்மா அப்பா போனபிறகு அண்ணன் நிழலிலேயே வளர்ந்தவள்.

"பாதி நாள் லீவு போட்டுட்டேன் அண்ணி," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

விசாரணை அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே போன் செய்திருந்தார். தலைமையாசிரியை அறையில், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, குருவி பேசியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில்தான் இருந்தார், மூன்று பேரும் சேர்ந்து டிவியில் படம் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன படம்னு கேட்டாரா?"

கேட்டு முடித்தபிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

குருவி நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வீட்ல போலீஸ் நீங்களா அவரா அண்ணி?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே செத்தது.

குருவி விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சொல்ல வேறு ஏதோ இருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்ததாம். டிரைவரின் பெண் அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. இன்றுதான் திரும்ப வந்திருக்கிறது.

"வரிசையில எல்லாரும் ஓட ஆரம்பிச்சாச்சு, இவ மட்டும் நிக்கறா. ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கு. கட்டத் தெரியலை. அவங்கப்பாதான் தினமும் கட்டிவிடுவாராம்."

அவள் கையிலிருந்த பார்லர் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"போனை வெச்சுட்டுப் போய் நான்தான் கட்டிவிட்டேன். தேங்க்ஸ் மிஸ்ன்னுச்சு. எந்த மூஞ்சியோட அதை வாங்கிக்கிட்டேன்னு எனக்கே தெரியலை." குருவியின் குரல் இறங்கியது. "ஆனா அண்ணி, சொன்னது சொன்னதுதான். நீங்க மாத்திச் சொன்னீங்கன்னா நான் பொய்க்காரி ஆயிடுவேன். அண்ணன் உள்ள போயிடுவார். ஒரு வார்த்தைதானே? எனக்காகச் சொல்லுங்க."

குருவியின் தோளைத் தொடப்போன கையை அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காலையில் தன் தோள்மேல் விழுந்த தட்டல் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். சவரம் செய்யவில்லை. சட்டையை மட்டும் தேய்த்துப் போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. அவர் வர்றதுக்குள்ள ஒருதடவை பாத்துடலாம்."

உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த இடம், முழங்கால் தானாக மடங்கிவிட்டது.

அவர் எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷ ஒத்திகையில் இன்றைக்குத்தான் அவர் கண் அவளைப் பார்க்க மறுத்தது. அவளுடைய காதுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, அதிகாரி எப்படிக் கேட்பார், முதலில் எதைக் கேட்பார், எந்த இடத்தில் அழுத்துவார் என்று விளக்கினார். குருவி படம் என்று சொல்லிவிட்டாள், நாமும் படம் என்றே வைத்துக்கொள்வோம். படம் ஆரம்பிக்கும் முன்பே அவர் வந்துவிட்டார். நடுவில் எழுந்து போகவில்லை.

"ரொம்ப அடுக்கடுக்கா சொல்லாதே. நடுவுல எங்கேயாவது ஒரு இடத்துல, இல்லல்ல, அது அப்புறம்னு திருத்திக்கோ. உனக்குச் சொல்லணுமா?"

அவள் அவரை நிறுத்தினாள்.

"அன்னிக்கு அங்க என்னங்க நடந்துச்சு?"

அவர் வெகுநேரம் மேஜைத் துணியின் ஓரத்தை நீவினார். பிறகு சொன்னார். முன்னறையில் அவரை உட்காரவைத்துவிட்டு, தலை வலிக்கிறது, மாத்திரை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாளாம் கப்பல் வீட்டுக்காரி. நெடுநேரம் வரவில்லை. பின்பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பூனை என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாளாம். தலை ஈரமாக இருந்தது.

"அப்பவே எழுந்து பார்த்திருக்கணும். பாக்கலை. எழுந்தா நான் அங்க இருந்தது தெரிஞ்சுடுமேன்னு உக்காந்திருந்தேன். ஒரு போலீஸ்காரன்."

அவர் வாயால் அந்தச் சொல் வந்தபோது அதில் துப்புவதுபோன்ற ஓசை இருந்தது.

அப்படியானால் அவள்தான் என்று உங்களுக்குத் தெரியும் என்றாள் இவள். தெரியும் என்று அவர் தலையசைத்தார். முதலாளி விஷயத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறதாம். ஆனால் அங்கே இருந்ததை ஒத்துக்கொண்டால்தான் இதையெல்லாம் சொல்ல முடியும். ஒத்துக்கொண்டால் வேலை போகும், மானம் போகும், ஒருவேளை அவரையே கூட்டாளி என்றும் சொல்வார்கள்.

"எப்படி ஏமாந்தேன்னு எனக்கே புரியலை," என்றார். "அழகுக்கு மயங்கிட்டேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சத்தியமா அது அப்புறம்தான். முதல் நாள் எதிர்ல உக்காந்து பதில் சொன்னா பாரு, தடுமாறி, நின்னு, தன்னையே திருத்திக்கிட்டு... இந்த நாற்காலியில உன்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. எந்த ஊர்லயோ நம்ம பாஷை கேட்ட மாதிரி. நம்பிட்டேன்."



அவரை மயக்கியது எது என்று இத்தனை நாள் அவள் தேடாத இடமில்லை. அந்த இடுப்பா, அந்தக் கழுத்தா, தானே கலந்து கொடுத்த அந்த நிறமா என்று கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் துருவியிருக்கிறாள். கடைசியில் தன்னுடைய நிறுத்தமும் தன்னுடைய தடுமாற்றமும்தான். வேறொருத்தி வாயில் போய் உட்கார்ந்துகொண்டு அவரை அழைத்திருக்கின்றன. இதற்கு அழுவதா சிரிப்பதா?

"நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன்."

புரியாமல் பார்த்தார். இப்போதுதான் நேராக, அவள் முகத்தை.

பார்லர், தொட்டி, கண்ணீர், பேனாவை மூடினால் பேசக்கூடாது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெருமையையும் விடவில்லை. குரல் ஒரே மட்டத்தில் வந்தது. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது, வெளுத்தது. அடித்துவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் அடிக்கவில்லை. மெல்ல மெல்ல அந்த முகத்தில் வேறொன்று வந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். குற்றவாளியிடம் பிடி கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் வரும் அமைதி.

"அப்ப நீயும் இதுல இருக்க," என்றார். கோபமே இல்லை. "பாரு, நான் உண்மையைச் சொன்னா இதையும் தோண்டி எடுப்பாங்க. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியே கொலைகாரிக்குப் பாடம் எடுத்தான்னு எழுதுவாங்க. பார்லர்ல ஈ கூட நுழையாது. குருவி பள்ளிக்கூடத்துல தலைகாட்ட முடியுமா? நான் வீட்ல இருந்தேன்னு நீ சொல்லிட்டா ரெண்டு பேரும் தப்பிச்சோம். எனக்காக இல்ல. நமக்காக."

காலையில் அந்தப் பெண்ணும் இதையேதான் சொன்னாள். கிட்டத்தட்ட இதே சொற்களில். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்றுகூட அவள் சந்தேகப்படவில்லை. பயம் பிடித்தவர்களுக்கு ஒரே பேச்சுதான் வரும்போலிருக்கிறது. அதைவிட, மூன்றாவதாகத் தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கத் தனக்கே ஒரு நொடி ஆசை வந்ததே, அதுதான் அவளை உலுக்கியது. வந்ததுதான். இல்லை என்று சொல்ல முடியாது.

குருவி கதவோரம் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருப்பாள் போலிருந்தது.

"அண்ணி," என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையை இழுத்துவிட்டார். நேரம் இல்லை, ஆரம்பித்துவிடலாம் என்றார். பிறகு, தன் குரலை விட்டுவிட்டு, வரப்போகிறவரின் குரலை எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

அவள் எழுந்தாள். நாற்காலியை மெதுவாக, தரையில் உரசாமல், மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"ஒத்திகை வேண்டாங்க," என்றாள். "என்னால முடியாது."